சாந்தினி அழித்த நாலாவது கட்டம்

பிரேமாவதியிடம் யாராவது "மக என்னா வேல செய்யுது?" என்று கேட்டால் சட்டென்று பதில் வரும். "பார்டர்ல."

"போலீஸா?"

"இல்ல லா. போலீஸுக்கே பாடம் சொல்லிக் குடுக்குது."

சுங்கைப்பட்டாணியின் தாமான் குடியிருப்பு வீடுகளில் இந்த விளக்கம் போதும். உண்மையும் அதற்கு வெகுதூரத்தில் இல்லை. சாந்தினி ஒரு மனிதநேய அமைப்பில் திட்ட ஒருங்கிணைப்பாளர். எல்லையில் பிடிபடுகிறவர்களை எப்படி விசாரிப்பது, யாரை எங்கே அனுப்புவது, யாருக்கு உடனே உதவி தேவை என்பதற்கெல்லாம் நெறிமுறை எழுதுவது, அதிகாரிகளுக்குப் பயிற்சி ஏற்பாடு செய்வது, நிதி தரும் நாடுகளுக்கு அறிக்கை அனுப்புவது அவள் வேலை. ஜெனீவாவில் ஆறு வருடம், நைரோபியில் மூன்று, பேங்காக்கில் ஐந்து. இரண்டு வருடத்துக்கு முன்பு அமைப்பு அவளைக் கெடாவுக்கே அனுப்பியது. பிறந்த மாநிலத்துக்கு வெளிநாட்டு ஊழியராக வந்து சேர்ந்தவள் அவளாகத்தான் இருப்பாள். அலோர் ஸ்டாரில் அமைப்பு எடுத்துக்கொடுத்த அடுக்குமாடி வீடு, கதவில் சின்னம் ஒட்டிய வெள்ளை வண்டி. சனிக்கிழமையானால் அம்மா வீடு.

அவளுக்கு எல்லாவற்றுக்கும் பயம். ஒரு மின்னஞ்சலை மூன்று முறை படிக்காமல் அனுப்பமாட்டாள். பேங்காக்கிலிருந்து தலைமை அதிகாரி அழைத்தால் எழுந்து நின்றுகொண்டுதான் பேசுவாள். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம், பிறகு மலாய், பிறகு ஆங்கிலம் என்று படித்து ஏறியவள். ஏறிய ஏணியை யாரோ கீழிருந்து ஆட்டுவதுபோலவே பதினாறு வருடத்தைக் கழித்திருந்தாள்.

அவள் தயாரித்த படிவம் ஒன்று உண்டு. சாலைத் தடுப்பில் நிற்கும் அதிகாரி கையில் ஒரு டேப்லட். ஒரே பக்கம். நாலே நிமிடத்தில் கேள்விகள் முடிந்து, எதிரே நிற்கிறவர் யார் என்று அதுவே ஒரு கட்டத்தில் போட்டுவிடும். முதல் வரைவில் நாலு கட்டங்கள் இருந்தன. குடிமகன். பத்திரமுள்ள வெளிநாட்டவர். பத்திரமில்லாத வெளிநாட்டவர். நாலாவதாக, இங்கேயே பிறந்து பத்திரம் இல்லாமல் போனவர்.

அந்த நாலாவதை எழுதும்போது அவள் மனதில் இருந்த முகம் தேவகியுடையது.

இரண்டு பேரும் சிடாம் கிரி பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் இரண்டு மாத இடைவெளியில் பிறந்தவர்கள். சாந்தினி பிறந்த வாரம் அவள் அப்பாவின் சைக்கிள் டயர் வெடித்துவிட்டது. டயர் வாங்கப் பட்டணம் போனவர், போனது போனோம் என்று பிள்ளை பிறந்ததையும் பதிந்துவிட்டு வந்தார். தேவகியின் அப்பாவுக்குப் பட்டணத்தில் வேலை எதுவும் இல்லை. அவர் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியிடம் சொன்னார், கிராணி தோட்டத்துப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் பால் கிடைத்தது. "தொர புத்தகத்துல பேரு ஏறிருச்சு, இனி கவர்மெண்டுக்குத் தெரியாமலா போவும்?" என்றார். அந்தத் தோட்டத்தில் பாதிப்பேர் அப்படித்தான் நம்பினார்கள். வீடு, மருந்து, அரிசி, கூலி எல்லாம் அந்தப் புத்தகத்தைப் பார்த்து வந்தன. அதற்கு மேலே ஒரு கவர்மெண்ட் தனியாக இருக்கும் என்று அவர்களுக்கு எப்படித் தோன்றும்?

ஆறாம் வகுப்பு முடிந்தது. இடைநிலைப் பள்ளியில் பிறப்புப் பத்திரம் கேட்டார்கள். சாந்தினி பள்ளிப் பேருந்தில் ஏறினாள். தேவகி பால்மரம் வெட்டப் போனாள். பிறகு தோட்டம் கைமாறி வீடமைப்புப் பகுதியானது. புத்தகம் என்னவானது என்று ஒருவருக்கும் தெரியாது.

நாலாவது கட்டம் ஒரே ஒரு கூட்டத்தில் போனது. திரையில் பேங்காக், ஜெனீவா, இன்னும் இரண்டு ஊர்கள். நிதி கொடுப்பவர்களுக்கு மூன்று முடிவுகள்தான் வேண்டுமாம். நாலாவது வந்தால் பேச்சுவார்த்தை இன்னும் ஒரு வருடம் இழுக்குமாம். அலுவலக மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஜபருல்லா மட்டும் வாயைத் திறந்தான். அலோர் ஸ்டார்க்காரன், திட்ட அலுவலர், அவளைவிடப் பத்து வயது சின்னவன்.

"அக்கா, அதை எடுத்துட்டா தோட்டத்து ஆளுங்க எல்லாம் எங்க போயி நிப்பாங்க? மூணாவதுலதான் விழுவாங்க."

"பயிற்சியில சொல்லிக்கலாம்" என்றாள் சாந்தினி, ஒலிவாங்கியை மூடிவிட்டு.

"பயிற்சியில நாம சொல்றப்ப பாதிப்பேரு தூங்குவாங்கக்கா."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அந்த வரியைத் தேர்ந்தெடுத்து அழித்தாள். வேறு யாரும் அழிக்கவில்லை; அவள் விரல்தான். "நாடற்றோர் குறித்து பின்னர் பரிசீலிக்கப்படும்" என்று குறிப்பில் ஒரு வாக்கியம் சேர்த்தாள். கூட்டம் பத்து நிமிடம் முன்னதாகவே முடிந்தது. எல்லோரும் அவளைப் பாராட்டினார்கள்.

எட்டு மாதம் கழித்து நிதி கொடுத்தவர்கள் நேரில் பார்க்க வந்தார்கள். ஆறு பேர். சாந்தினி அவர்களைத் தடுப்பு முகாம் ஒன்றுக்கு அழைத்துப்போனாள். பெண்கள் கூடத்தில் வரிசை வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஓர் அதிகாரி டேப்லட்டைப் பிடித்துக்காட்ட, சாந்தினி ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டு நின்றாள். முன்பெல்லாம் இதற்கு இரண்டு நாள் ஆகும், இப்போது நாலு நிமிடம் என்று சொல்ல வாயெடுத்தபோது மூன்றாவது வரிசையில் தேவகியைப் பார்த்தாள்.

தேவகியும் பார்த்தாள்.

கூப்பிட்டுவிடுவாள் என்று சாந்தினி பயந்தாள். "சாந்தி" என்று ஒரு குரல் வந்தால் போதும், இந்த ஆறு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் தேவகி கூப்பிடவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் போட்டு முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். தெருவில் எதிரே வரும் தெரிந்தவரின் சேலை கிழிந்திருந்தால் நாம் வேறு பக்கம் பார்ப்போமே, அந்த மாதிரி. கிழிந்தது தன் சேலை இல்லை, எதிரே நிற்பவளுடையது என்பதுபோல.

சாந்தினி வாக்கியத்தை முடித்தாள். நாலு நிமிடம் என்றாள். படம் எடுத்தார்கள். பகலுக்கு விருந்தினர்களை நாசி கண்டார் சோற்றுக்கடைக்குக் கூட்டிப்போனாள். எந்தக் குழம்பில் காரம் குறைவு என்று அவர்களுக்குச் சொன்னாள். தானும் சாப்பிட்டாள். மீன் தலைகூட வாங்கிச் சாப்பிட்டாள். பின்னாளில் அந்த நாளை நினைக்கும்போதெல்லாம் முகாமைவிட அந்தச் சாப்பாடுதான் அவள் முகத்தைச் சுடவைத்தது.

மறுநாள் ஒரு காரணம் கண்டுபிடித்தாள். அமைப்பின் விதிப்படி ஊழியர்கள் தனிநபர் விவகாரத்தில் தலையிடக்கூடாது. சொந்தக்காரர், தெரிந்தவர் என்றால் கண்டிப்பாகக் கூடாது. விதி உண்மையானது. அதை அவளே பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அந்த விதியைப் போர்த்திக்கொண்டு ஐந்து நாள் கிடந்தாள்.

சனிக்கிழமை காலை அம்மா வீட்டுக்குப் போனால் வாசலில் ஒரு லோரி நின்றது. உள்ளே அழகேசன் மைலோ குடித்துக்கொண்டிருந்தான். தேவகியின் கணவன். செம்பனைக் குலை ஏற்றுகிறவன்.

"வா தங்கச்சி. பசியாறிட்டியா?" என்று எழுந்தான்.

"உக்காருங்கண்ணே."

"இல்ல தங்கச்சி, காலு நிக்கத்தான் சொல்லுது." அவன் சிரிக்கப் பார்த்தான். "தேவகிய புடிச்சிட்டுப் போயி பதினாலு நாளாச்சு. பாலிங்ல என் தங்கச்சி மக சடங்கு. பஸ்ஸுல போச்சு. வாரப்ப கூப்பாங் கிட்ட ரோட் புளோக். முந்தியெல்லாம் எத்தன தடவ நிறுத்திருக்கானுங்க! 'ஹாங் டொக் மானா'ன்னு கேப்பான், நீ எங்க இருக்கேன்னு. இவ வாயத் தொறந்து கெடா மலாய் பேசுனா போதும், அவனே சிரிச்சிட்டு, 'மக்சிக், சீக்கிரம் ஐசி அட்டை எடுங்கம்மா'ன்னு திட்டி விட்ருவான். இந்தத் தடவ அந்தப் பையன் பேச்சையே கேக்கல. கையில ஒரு தட்டு மாதிரி வச்சிருந்தான். அதுல அமுக்குனான். அது வெளிநாட்டுக்காரின்னு சொல்லிருச்சு."

அது எந்தத் தட்டு என்று சாந்தினிக்குத் தெரியும்.

"வெளிநாடுன்னா எந்த நாடுன்னு கேட்டேன். அது எழுதலயாம்." அழகேசன் கோப்பையைக் கீழே வைத்தான். "என் லோரிக்கு கிராண்ட் பத்திரம் இருக்கு. பக்கத்து வீட்டு நாய்க்கு லைசன்ஸ் இருக்கு. என் பெண்டாட்டிக்கு மட்டும் ஒண்ணும் இல்ல பாத்தியா. கோயில்ல தாலி கட்டுனேன், பதியப் போனா ஐசி இல்லாம எப்படின்னு தொரத்துனான்."

பிரேமாவதி அடுக்களையிலிருந்து வந்தாள். "சாந்தி, நீதான் பெரிய ஆபீஸ்ல இருக்கல்ல? ஒரு வார்த்த சொல்லு."

"அம்மா, அப்படியெல்லாம் சொல்ல முடியாது. ரூல்ஸ் இருக்கு."

"ரூல்ஸா?" பிரேமாவதி இடுப்பில் கைவைத்தாள். "ஊரு ஒலகத்து அகதிக்கெல்லாம் ஏரோப்ளேன் ஏறிப் போயி அழுதவ. ஒரே பெஞ்சுல ஒட்டி உக்காந்தவளுக்கு ரூல்ஸ் பேசுறியா? நல்ல படிப்பு லா ஒன் படிப்பு."

அழகேசன் குறுக்கிட்டான். "விடுங்கம்மா. தங்கச்சிகிட்ட போவாதன்னுதான் தேவகியும் சொல்லிச்சு. நான்தான் கேக்காம வந்தேன். 'அன்னிக்கி வெள்ளக்காரங்களோட வந்துச்சு, பாவம், என்னப் பாத்து அது மூஞ்சியே செத்துப்போச்சு. அதுக்கு வேல போயிரும், போவாதீங்க'ன்னு கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு அழுவுது."

அம்மா மெல்லத் திரும்பி மகளைப் பார்த்தாள். "நீ அவளப் பாத்தியா?"

சாந்தினி தலையசைத்தாள்.

"எப்ப?"

"திங்கக்கெழம."

அதற்குமேல் பிரேமாவதி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அழகேசனுக்கு இன்னொரு பசியாறல் தட்டு எடுத்துவைத்தாள், மகளுக்கு வைக்கவில்லை. வைக்க மறந்தாளா என்றுகூட சாந்தினிக்குக் கேட்கத் துணிவில்லை. அவள் தானாகவே சொன்னாள், சுவரைப் பார்த்துக்கொண்டு. "அந்த அமுக்குற தட்டுல இருக்கறத எழுதுனதே நான்தான்ணே. தேவகி மாதிரி ஆளுங்களுக்கு ஒரு எடம் இருந்துச்சு. நான்தான் எடுத்தேன்."

அழகேசனுக்கு முழுசாகப் புரியவில்லை. புரிந்த அளவுக்கு யோசித்துவிட்டு, "ஏன் தங்கச்சி?" என்று மட்டும் கேட்டான். கோபமே இல்லாத கேள்வி.

திங்கட்கிழமை முகாமுக்குப் போனாள். பொறுப்பதிகாரி மரியாதையானவர், அவள் பயிற்சியில் முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவர். சாந்தினி விஷயத்தைச் சொல்லி, இந்தப் பெண் வெளிநாட்டவர் இல்லை என்றாள். அவர் டேப்லட்டை அவள் பக்கம் திருப்பிவைத்தார்.

"புவான், குடிமகள் என்று போட அடையாள அட்டை வேண்டும். வெளிநாட்டவர், பத்திரம் உள்ளது என்று போடக் கடப்பிதழ் வேண்டும். மிச்சம் இருப்பது ஒன்றுதானே? எங்கள் விருப்பத்துக்குப் போடக்கூடாது, படிவம் சொல்வதைக் கேளுங்கள் என்று புவான்தானே சொன்னீர்கள்?"

குத்திக்காட்டுகிற குரலே அல்ல. நிஜமாகவே அவளிடம் வழி கேட்டார். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். இந்தப் பெண் இங்கே பிறந்தவள் என்பதற்குப் பிறப்பை நேரில் அறிந்தவரின் சத்தியப் பிரமாணம் வேண்டும். படிவத்தில் இப்படிப்பட்டவர்களுக்கு இடமில்லை என்று படிவம் தந்த அமைப்பே எழுதித்தர வேண்டும். இரண்டும் இருந்தால் மேலிடத்துக்கு அனுப்பிப் பார்க்கலாம்.

முதலாவதற்கு ஆள் வீட்டிலேயே இருந்தாள். தேவகி பிறந்தபோது வெந்நீர் வைத்துக்கொடுத்தவள் பிரேமாவதி. சத்தியப் பிரமாண ஆணையரின் அறையில் நெஞ்சை நிமிர்த்தி நின்று, "மத்தியானம் ரெண்டு மணி, மரத்துப் பால எட போட்டுட்டு வந்த நேரம், தல வரல, காலுதான் மொத வந்துச்சு" என்று ஆரம்பிக்க, ஆணையர் அவசரமாக, "அவ்வளவெல்லாம் வேண்டாம்மா, தேதி போதும்" என்றார். "தேதி எனக்கு எப்படித் தெரியும்? காலுதான் தெரியும்" என்றாள் பிரேமாவதி. மகள் பிறந்து இரண்டு மாதம் என்று கணக்குப்போட்டுத் தேதி எழுதினார்கள்.

இரண்டாவது கடிதத்தை எழுதத்தான் சாந்தினிக்கு மூன்று நாள் பிடித்தது. முதலில் "வடிவமைப்பில் ஒரு விடுபடல் ஏற்பட்டது" என்று எழுதினாள். ஜபருல்லா தோளுக்குப் பின்னாலிருந்து படித்தான்.

"விடுபடல் ஏற்பட்டதாக்கா? அதுவா எந்திரிச்சு நடந்து போச்சா?"

அடித்துவிட்டு, "குழுவின் முடிவுப்படி நீக்கப்பட்டது" என்று எழுதினாள்.

"குழுவுல நானும்தான் இருந்தேன். என்னையும் சேத்துட்டிங்க, நன்றி" என்று கும்பிட்டுவிட்டுப் போனான்.

வியாழக்கிழமை அது இப்படி முடிந்தது: "இந்நாட்டில் பிறந்து பத்திரம் இல்லாதவர்களுக்கான நாலாவது பிரிவை நான் நீக்கினேன். அப்படிப்பட்டவர்கள் இருப்பது எனக்கு நேரடியாகத் தெரியும். தேவகி அவர்களில் ஒருவர். பள்ளியில் என்னோடு படித்தவர்." மூன்று முறை படிக்கவில்லை. படித்தால் அனுப்பமாட்டாள் என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

வேலை போய்விடும் என்று மேசை இழுப்பறையைக்கூடக் காலிசெய்து வைத்தாள். பேங்காக்கிலிருந்து அழைப்பு வந்தபோது எழுந்து நின்றாள். தலைமை அதிகாரி கனிவாகப் பேசினார். இது துணிச்சலான நேர்மை என்றார். இப்படிப்பட்ட அனுபவங்கள்தான் அமைப்பை வளர்க்கும் என்றார். 'கற்றுக்கொண்ட பாடங்கள்' என்ற தலைப்பில் ஒரு பக்கம் எழுதி அனுப்பமுடியுமா, ஆண்டறிக்கையில் சேர்க்கலாம் என்றார். படிவத்தை அடுத்த வருடம் மறுபரிசீலனை செய்வார்களாம்.

சாந்தினி தொலைபேசியை வைத்துவிட்டு அப்படியே நின்றாள். ஓங்கி ஓர் அறை விழும் என்று கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றவளுக்கு மாலை போட்டுவிட்டார்கள். அந்த மாலை உடம்பெல்லாம் அரித்தது.

முப்பத்தோராம் நாள் தேவகியை விட்டார்கள். முழு விடுதலை இல்லை. மாதம் ஒருமுறை வந்து கையெழுத்துப் போடவேண்டும், பிறப்பைத் தாமதப் பதிவு செய்ய விண்ணப்பிக்க வேண்டும், அது எத்தனை வருடமாகும் என்று யாருக்கும் தெரியாது. முகாம் வாசலுக்கு எதிரே அழகேசனின் லோரி ஒரு பக்கம், சாந்தினியின் வெள்ளை வண்டி ஒரு பக்கம் நின்றன. தேவகி இளைத்திருந்தாள். கழுத்தில் சொறி. கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

"தேவகி, வா, இதுல ஏறு. ஏர்கண்டிஷன் இருக்கு. வீட்டுல விட்டுர்றேன்."

தேவகி வண்டிக் கதவில் இருந்த சின்னத்தைப் பார்த்தாள். "வேணாம் சாந்தி. இந்தக் காடி உள்ள வந்தாலே எங்களை எல்லாம் வரிசையா குந்த வைப்பாங்க. நான் லோரியிலயே போறேன்."

"அன்னிக்கி நான்..."

"தெரியும் லா. விடு. நீ கையெழுத்துப் போட்டதும் தெரியும், அவரு சொன்னாரு. நல்லா இரு." சொல்லிவிட்டு இரண்டடி நடந்தவள் திரும்பி வந்தாள். மன்னிப்பைப்பற்றி ஏதோ சொல்லப்போகிறாள் என்று சாந்தினி நினைத்தாள். நினைத்ததற்கும் சேர்த்து வெட்கப்பட வேண்டியிருந்தது.

"சாந்தி, உள்ள என்னய மாதிரி இன்னும் ஒம்பது பேரு இருக்கு. அந்தத் தட்டுல அமுக்கி வந்தவங்க. லூனாஸ் பக்கத்து ஷீலான்னு ஒண்ணு, மாசமா இருக்கு. பரஞ்சோதின்னு ஒரு அக்கா, பாலிங்ல கித்தா மரத்துல பால் வெட்டுறவங்க. ஒரு கெழவி வாயத் தொறந்து பேசுறதே இல்ல, கோத்தா கோலா மூடான்னு ஊரு பேர மட்டும் சொல்லும். எனக்கு நீ இருந்த. அவங்களுக்கு யாரு இருக்கா?"

"அவங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது..."

"தெரிஞ்சவங்க இருந்தா ஏன் உள்ள இருக்காங்க?"

அழகேசன் லோரியைக் கிளப்பினான். தேவகி படியில் கால்வைத்து ஏறி உட்கார்ந்தாள், கை காட்டினாள், போய்விட்டார்கள்.

சாந்தினி வண்டிக்குள் உட்கார்ந்து சாவியைத் திருகினாள். மறுபடி அணைத்தாள். கழுத்தில் தொங்கிய அமைப்பின் அட்டையைக் கழற்றி இருக்கையில் போட்டுவிட்டு, பார்வையாளர் வாசலுக்கு நடந்தாள். அந்த வாசல் வழியாக அவள் ஒருநாளும் போனதில்லை. காவலர் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தள்ளினார். பெயர் எழுதினாள், அடையாள அட்டை எண் எழுதினாள். அடுத்தது, காண வந்தவரோடு என்ன உறவு. மலாயில், 'படிவத்தை எழுதியவள்' என்று எழுதினாள்.

காவலர் தலைகீழாக அதைப் படித்தார். "இது உறவு இல்லையே, புவான்."

"இதுதான்" என்றாள்.

அவர் தோளைக் குலுக்கி ஓர் எண் சீட்டைக் கொடுத்து, பெஞ்சில் உட்காரச் சொன்னார். பெஞ்சில் சோற்றுப் பொட்டலத்தை மடியில் வைத்திருந்த ஒரு பெண் நகர்ந்து இடம்கொடுத்தாள். முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே கேட்டாள். "நீங்க யாரப் பாக்க வந்திங்கக்கா?"

"ரெண்டு பேரு பேருதான் தெரியும்" என்றாள் சாந்தினி. "மத்தவங்கள உள்ள போயித்தான் கேக்கணும்."